பெயர் மாற்றப் பேரேடு

வைக்குலா ஊராட்சி மன்றத்தில்
எழுத்தர் வேலை எனக்கு. பதினேழு வருடம்.
ஜன்னலோரம் மேசை, இரும்பு அடுப்பு,
தை மாதக் குளிரில் உறைந்துபோகும் மைப்புட்டி.
அதை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு
எஸ்தோனியக் குடியரசை
வரி வரியாக எழுதினேன்.

முதலில் நிலம்.
பண்ணைப் பிரபுவின் காடு மேடெல்லாம்
அளவுச் சங்கிலியோடு வந்தவர்கள்
ரொட்டியைப் போல் துண்டு போட்டார்கள்.
போர்முனையிலிருந்து திரும்பியவனுக்கு முதல் துண்டு.
மடிஸ் லோவென்பெர்க்குக்கு வந்தது
பதினாறு ஹெக்டேர். பாதி மணல், மீதி சதுப்பு.
கையெழுத்துப் போட்டு வெளியே போனவன்
திரும்ப வந்து கேட்டான்:
"இனி வைக்கோல் பங்கு யாருக்குக் கட்டணும்?"
யாருக்கும் வேண்டாம் என்றேன்.
சற்று நேரம் நின்றான்,
கையிலிருந்த தொப்பியை
இங்கேயே போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாமல்.

பிறகு வெண்ணெய்.
ஆறு மாடு, கூட்டுறவுப் பால்பண்ணையில் ஒரு பங்கு.
லண்டன்காரன் காலை ரொட்டியில்
எங்கள் புல்லைத் தடவித் தின்றான்.
மார்க் போய் குரோன் வந்த வருடம்
மடிஸின் மனைவி மீலி
நூறைக் கொடுத்து ஒன்றை வாங்கினாள்,
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்,
"இவ்வளவுதானா?" என்றாள்.

முப்பத்தொன்றில் வெண்ணெய் விலை விழுந்தது.
எவ்வளவு என்று எழுதி முடிக்குமுன்
இன்னும் விழுந்தது.
ஏல அறிவிப்பு ஒட்டும் பசைக்கு
மாவு கரைத்தது நான்தான்.
குதிரை ஒன்று. பால் பிரிக்கும் இயந்திரம் ஒன்று.
தொட்டில் ஒன்று, உபயோகித்தது.

ஒரே மாதிரித் தொப்பி போட்ட ஆண்கள்
ஞாயிறுதோறும் அணிவகுத்தார்கள்.
நாட்டுக்கு ஒரு பலத்த கை வேண்டும் என்றார்கள்.
வாக்களித்தோம். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.
மார்ச்சில் வேறொரு கை முந்திக்கொண்டது.
தொப்பிகள் சிறைக்குப் போயின,
நாடாளுமன்றம் விடுமுறைக்குப் போனது,
செய்தித்தாளில் வானிலை நீண்டுகொண்டே வந்தது.
ஊரில் யாரும் சத்தம் போடவில்லை.
பன்றிக்கறி விலை கொஞ்சம் ஏறியிருந்தது;
அதனாலும் இருக்கலாம்.

பெயர்கள் அதற்குப் பிறகுதான்.
ஜெர்மன் பெயரைக் களைந்தெறி என்று சுவரொட்டி.
நூறு வருடம் முன்பு ஒரு மத்தியானம்
காபி ஆறுவதற்குள் அன்றைய பிரபு
நாற்பது குடும்பத்துக்குப் பெயர் வைத்தாராம்.
மடிஸின் முப்பாட்டனுக்குக் கிடைத்தது
லோவென்பெர்க். சிங்கமலை.
சிங்கமும் இல்லை இந்த நாட்டில், மலையும் இல்லை.
அச்சிட்ட பட்டியலில் விரலை ஓட்டினான் மடிஸ்.
ஓக்குமரம் வேண்டாம். வாள் வேண்டாம்.
"லீவமாகி" என்றான். மணல்மேடு.
"என் வயலைப் பார்த்தவன் மறுக்க மாட்டான்."
சிங்கத்தை அடித்தேன். மணலை எழுதினேன்.
அன்று மட்டும் பதினொரு பேர்.
கல்லறையில் கிடக்கும் அப்பனுக்கும்
மாற்ற முடியுமா என்று ஒருவன் கேட்டான்.
அதற்குப் படிவம் இல்லை.

என் பெயர் மீதா டிஷ்லர்.
என் படிவம் இழுப்பறையிலேயே கிடந்தது.
கேட்டவர்களிடம் மை தீர்ந்துவிட்டது என்றேன்.

முப்பத்தொன்பது, அக்டோபர்.
பண்ணைவீட்டின் கடைசி மகள் எர்மெங்கார்ட்,
பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள்,
குடியுரிமையை விடுவிக்கச் சான்று கேட்டு வந்தாள்.
துறைமுகத்தில் கப்பல். எழுநூறு வருடத்துக்கு இரண்டு பெட்டி.
எந்த ஊர் என்றேன்.
"தெரியாது. யாருடைய வீட்டையோ தருவார்களாம்."
இடம்பெயர்வோர் பத்தியில் அவளை எழுதினேன்.
முத்திரைக்குக் கீழே என் பெயரைப் படித்து
"நீங்களும் எங்களவரா?" என்றாள்.
இல்லை அம்மா. தச்சன் வம்சம்.
காபி ஆறுவதற்குள் உங்கள் வீட்டார் வைத்தது.

அதே வாரம் நெடுஞ்சாலையில்
கிழக்கிலிருந்து லாரிகள்.
உருளைக்கிழங்கு தோண்டுவதை நிறுத்திவிட்டு
மடிஸ் எண்ணியிருக்கிறான், நாற்பது வரை.
இருட்டிய பின் வந்தான். உட்காரவில்லை.
"பழைய பெயரை முழுசா அடிச்சிட்டியா,
படிக்கிற மாதிரி இருக்கா?"

ஏட்டைத் திருப்பி விளக்கருகே வைத்தேன்.
ஒற்றைக் கோடுதான்.
இரண்டையும் படிக்க முடிந்தது.